கூழ்ச் சட்டியில் இல்லாத கொழுப்பு

மார்கழி விடுமுறைக்கு வேலணைக்குப் போயிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் என் மருமகன் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தபடி முற்றத்துக்கு வந்தான். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

“மாமா, தேங்காயெண்ணெய் கல்லாப் போச்சுது!”

“வெயில்லை வையடா தம்பி, இளகும்,” என்று அடுப்படிக்குள் இருந்து ஆச்சி குரல் கொடுத்தார். அவருக்கு இது புதினமே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அன்றைக்கு ஒடியல் கூழ் என்று முதல்நாளே முடிவாகியிருந்தது. ஆச்சி பார்த்துப் பார்த்து வாங்கினார்: ஒரு கிலோ சூடை, நாலு ஓரா, மூன்று நண்டு, ஒரு கை இறால். எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தவை. சூடையை வெட்டும்போது ஆச்சியின் விரல்களில் எண்ணெய் மினுங்கியது. மருமகன் போத்தலையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மாமா, உந்த மீன் ஐஸுக்கை கிடந்ததுதானே? அதின்ரை எண்ணெய் ஏன் கல்லாகேல்லை?”

தரம் 7 படிக்கிறவன் கேட்ட கேள்வி இது. வாயால் விடை சொல்வதை விட்டுவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஐம்பது ஈர்க்கு உருவி வரச் சொன்னேன். ஆச்சி என்னை முறைத்தார். விளக்குமாறு புதிது.

நீங்களும் செய்து பாருங்கள். 25 ஈர்க்குகளை நேராக அடுக்கிக் கையால் இறுக்கிப் பிடியுங்கள். ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு தடி மாதிரி விறைத்து நிற்கும். மற்ற 25-ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து, முறிந்துபோகாமல் நாலைந்து இடத்தில் மடித்துவிடுங்கள். இப்போது அவற்றைக் கட்டாகப் பிடிக்கப் பாருங்கள். எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் இடைவெளி விழும். ஒன்று இங்கே நழுவும், மற்றது அங்கே துருத்தும்.

கொழுப்பின் கதையும் இதுதான். எண்ணெய், நெய், மீன் கொழுப்பு எல்லாமே கிளிசரோல் என்ற ஒரு சிறு துண்டில் மூன்று வால்கள் தொங்குகிற துணிக்கைகளால் ஆனவை. ஒவ்வொரு வாலும் ஒரு கொழுப்பமிலம். காபன் அணுக்களை மணிகளாகக் கோத்த மாலை என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதி, 12 மணிகள் கொண்ட லோரிக் அமிலம். மாலையில் ஒரு மடிப்பும் இல்லை, நேர் ஈர்க்கு. அதனால்தான் வெப்பநிலை 24 பாகைக்குக் கீழே இறங்கியதும் வால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. மார்கழி விடியலில் எங்கள் தீவுப்பகுதியில் அந்த அளவுக்குக் குளிரும். நல்லெண்ணெயில் 18 மணி மாலைகள்தான் கூட. மாலை நீளமானால் இன்னும் சுலபமாக உறையவேண்டும் அல்லவா? ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒன்றோ இரண்டோ மடிப்பு உண்டு. ஆகவே ஆச்சியின் நல்லெண்ணெய்ப் போத்தல் உறையவில்லை. சூடை மீனில் இருக்கிற ஒரு கொழுப்பமிலத்துக்கு 22 மணி, 6 மடிப்பு. டி.எச்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஐஸுக்குள் கிடந்தாலும் அதை நேராக அடுக்க முடியாது.

மடிப்பே இல்லாதவற்றை ‘நிரம்பிய’ கொழுப்பமிலங்கள் என்றும், மடிப்பு உள்ளவற்றை ‘நிரம்பாத’ கொழுப்பமிலங்கள் என்றும் உங்கள் பாடப்புத்தகம் சொல்லும். காபன் மணிகளைச் சுற்றி ஐதரசன் அணுக்கள் நிரம்ப இருந்தால் மாலை நேராக நிற்கும். இரண்டு மணிகளுக்கு ஐதரசன் குறைந்தால் அவை தங்களுக்குள் இரட்டைப் பிணைப்புப் போட்டுக்கொள்ளும். அந்த இடத்தில்தான் மடிப்பு விழுகிறது.

இதற்குள் ஆச்சி ஒடியல் மாவை ஊறவைத்த தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டார். காறல் கசப்புப் போகவேண்டுமே. சட்டியில் மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கை இலையும் போய் விழுந்தன. நான் மருமகனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “இந்த டி.எச்.ஏ.யைச் செய்தது ஆர்?”

“சூடை மீன்.”

“இல்லை.”

மீனுக்கு அதைச் செய்யும் வல்லமை மிகக் குறைவு. உண்மையான உற்பத்தியாளர்களைக் கண்ணால் பார்க்க முடியாது. கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகள் அவை. எங்கள் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் ஆழம் குறைந்தது. வெயில் பல இடங்களில் அடிமணல் வரைக்கும் இறங்கும். அதனால்தான் கரையெல்லாம் சாதாழை ஒதுங்கிக் கிடக்கிறது. அந்த வெயிலை வைத்து நுண்பாசிகள் மடிப்பு மாலைகளைக் கோக்கின்றன. பாசியைச் சின்னஞ்சிறு கடலுயிர்கள் தின்ன, இரண்டையும் சூடை தின்னுகிறது. சூடையை அறக்குளா தின்னுகிறது. அறக்குளாவை ஊர்காவற்றுறைச் சந்தையில் நாங்கள் விலை பேசுகிறோம்.

மனித உடம்பும் மாலை கோக்கும். சோற்றிலிருந்தும் சீனியிலிருந்தும்கூடக் கொழுப்புச் செய்துவிடும். ஆனால் மாலையின் வால்நுனிக்குக் கிட்ட மடிப்புப் போடுகிற கருவி எங்களிடம் இல்லை. வால்நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது மணியில் முதல் மடிப்பு வந்தால் அது ஒமேகா-3. ஆறாவதில் வந்தால் ஒமேகா-6. ஒமேகா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்து, வேறொன்றுமில்லை. இந்த இரண்டு வகையும் சாப்பாட்டிலிருந்தே வரவேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வேலைசெய்த ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவன் மனைவி. கொழுப்பு வெறும் எரிபொருள்தான், அது இல்லாமலும் உயிர்வாழலாம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் எலிகளுக்கு மற்றச் சத்துகளையெல்லாம் கொடுத்துக் கொழுப்பை மட்டும் முழுதாக நிறுத்தினார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் புண்ணாகியது, வளர்ச்சி நின்றது. பிறகு நாளுக்குச் சில துளி மட்டும் கொழுப்புக் கொடுக்க, எலிகள் தேறின. 1929-இல் இதை எழுதினார்கள். அடுத்த ஆண்டு, நல்லெண்ணெயில் நிறைய இருக்கிற லினோலெயிக் அமிலம்தான் அந்த மருந்து என்றும் காட்டினார்கள். சில துளியில் தேறியது என்பதைக் கவனியுங்கள். எரிபொருள் என்றால் சில துளி போதுமா? அது வேறு ஏதோ வேலை செய்கிறது.

என்ன வேலை என்று பார்க்க எங்களுக்கு ஒரு முழங்கால் கைவசம் இருந்தது.

அதற்கு முந்தின கிழமை குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போயிருந்தோம். அங்கே வீட்டு வளவுகளைச் சுற்றி முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய மதில்கள் உண்டு. அங்கே திரியும் குதிரைகளை நன்றாகப் பார்க்கவேண்டும் என்று எங்கள் வீரர், மருமகன்தான், ஒரு மதிலில் ஏறினார். கல் உருண்டது. முருகைக்கல் என்றால் சும்மாவா? கடலுயிர்கள் கட்டிய அரம் அது. முழங்கால் தேய்ந்து தோல் போய்விட்டது. அன்றிரவே சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. இலேசாகக் காய்ச்சலும் காய்ந்தது. படகில் திரும்பும்போது அழவில்லை என்று தானே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சிவப்பு, வீக்கம், சூடு, நோவு. இந்த நாலையும் சேர்த்து அழற்சி என்பார்கள். கல்லா அவற்றைச் செய்தது? இல்லை, அவனுடைய கொழுப்பு செய்தது. எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி மென்சவ்வு இருக்கிறது. அது கொழுப்பமில வால்களால் ஆன மெல்லிய போர்வை. அந்தப் போர்வைக்குள் 20 மணியும் 4 மடிப்பும் கொண்ட அரக்கிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6 மாலை செருகப்பட்டிருக்கிறது. அடிபட்டதும் ஒரு நொதியம் வந்து அதை வெட்டி எடுக்கிறது. இன்னொரு நொதியம் அதை வளைத்துப் புரொஸ்டாகிளாண்டின் என்ற செய்திக்காரனாக மாற்றுகிறது. அந்தச் செய்தி கிடைத்ததும் இரத்தக்குழாய்கள் விரிகின்றன. அதுதான் சிவப்பும் சூடும். நீர் கசிகிறது, அது வீக்கம். நரம்புநுனிகள் கூர்மையாகின்றன, தொட்டால் நோகிறது. மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்துக்குச் செய்தி போனால் காய்ச்சல்.

1899-இல் விற்பனைக்கு வந்த அஸ்பிரின் மாத்திரை எப்படி நோவைக் குறைக்கிறது என்று 70 ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. 1971-இல் இலண்டனில் ஜோன் வேன் கண்டுபிடித்தார்: அந்த இரண்டாவது நொதியத்தின் வாயை அது அடைத்துவிடுகிறது. அதற்காக 1982-இல் அவருக்கும், புரொஸ்டாகிளாண்டின்களை ஆராய்ந்த சுவீடன் நாட்டவர்களான பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. (அஸ்பிரின் பெரியவர்களின் மாத்திரை. காய்ச்சலுக்கு நீங்களாக எடுத்துப் போடக்கூடாது. டெங்கு என்றால் இன்னும் ஆபத்து.)

அழற்சி தேவையான ஒன்று. வெள்ளைக் குருதிக்கலங்களைக் காயத்துக்கு அழைத்து வருவதே அதுதான். ஆனால் தொடங்கியதை நிறுத்தவும் வேண்டும். முன்பெல்லாம் விஞ்ஞானிகள், விறகு தீர்ந்தால் அடுப்பு அணைவது மாதிரி அழற்சியும் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். சாமுவெல்சனிடம் வேலை பழகிய சார்ல்ஸ் செர்ஹான் என்பவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வேறொன்றைக் கண்டார். நிறுத்தச் சொல்வதற்கும் செய்திக்காரர்கள் இருக்கிறார்கள். “போதும், வந்தவர்கள் திரும்புங்கள், குப்பையை அள்ளுங்கள்” என்று அவர்கள் கட்டளை போடுகிறார்கள். அவர்களுக்கு ரிசோல்வின் என்று 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெயர் வைத்தார். ரிசோல்வின் எதிலிருந்து உண்டாகிறது தெரியுமா? சூடை மீனில் இருக்கிற ஒமேகா-3-களிலிருந்து. ஒன்று டி.எச்.ஏ.; மற்றது 20 மணி, 5 மடிப்புக் கொண்ட ஈ.பி.ஏ.

“அப்ப இந்தக் காயம் ஆறினது சூடையாலேயோ?” என்று மருமகன் முழங்காலைத் தடவினான். பக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் தெரிந்தது.

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. இங்கேதான் நிதானம் வேண்டும். 1970-களில் டென்மார்க் மருத்துவர்களான பாங், டையர்பெர்க் இருவரும் கிறீன்லாந்துக்குப் போய், சீலும் திமிங்கிலமும் மீனுமாய்ச் சாப்பிடும் இனுயிட் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். அதில் ஈ.பி.ஏ. நிறைய இருந்தது, இரத்தம் உறைய நேரமெடுத்தது. கடற்கொழுப்பு இதயத்தைக் காக்கிறது என்று உலகம் முழுக்கப் பேச்சுக் கிளம்பியது. மீனெண்ணெய்க் குளிகை விற்றவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பின்னாளில் வந்தவர்கள், இனுயிட் மக்களுக்கு மாரடைப்புக் குறைவு என்பதற்கே சான்று பலமில்லை என்று காட்டினார்கள். 2018-இல் வெளியான வைட்டல் என்ற அமெரிக்க ஆய்வில் 25,871 பேர் ஐந்து ஆண்டுக்கு மேலாகப் பங்கெடுத்தார்கள். தினம் ஒரு கிராம் மீனெண்ணெய்க் குளிகை எடுத்தவர்களுக்கும் வெறும் குளிகை எடுத்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்தத்தில் நம்பத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. என் எண்ணம் இது: குளிகையிலே மீன் இல்லை. சூடை சாப்பிடுகிறவர் ஒரு மாலையை மட்டுமா விழுங்குகிறார்? புரதம், அயடீன், முள்ளின் கல்சியம் எல்லாம் கூட வருகின்றன. தட்டில் வேறொரு கறிக்கும் இடமில்லாமல் போகிறது.

ஒரு விசயத்தில் மட்டும் சந்தேகமில்லை. டி.எச்.ஏ. மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் நிறைந்திருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கலங்களின் மென்சவ்வுகளில் அதுதான் கூட. வெளிச்சம் படும்போது அங்கே புரதங்கள் சட்டென்று வடிவம் மாறவேண்டும். மடிப்பு ஈர்க்குக் கட்டு மாதிரி நெகிழ்வான போர்வைக்குள்தான் அது சுலபம். தாய் மீன் சாப்பிட்டால் தாய்ப்பாலில் டி.எச்.ஏ. கூடும் என்பதும் தெரிந்ததே. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மீன் போட்டுச் சரக்குக் கறி வைத்துக்கொடுத்த எங்கள் கிழவிகளுக்கு மணிக்கணக்கும் மடிப்புக்கணக்கும் தெரிந்திராது. வைத்துக் கொடுத்தார்கள்.

மடிப்புக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஒட்சிசன் வந்து கடிக்கிற இடம் அதுதான். கொழுப்பு மீனைக் கருவாடு போட்டுப் பாருங்கள். சில நாளில் மஞ்சள் பாரித்துக் காறல் வாடை அடிக்கும். மடிப்புக் குறைந்த தேங்காயெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காறாது. இதைப் பார்த்த தொழிற்சாலைக்காரர்கள் நூறாண்டுக்கு முன் ஒரு தந்திரம் செய்தார்கள். திரவ எண்ணெய்க்குள் ஐதரசனைச் செலுத்தி மடிப்புகளை நிமிர்த்தினார்கள். பாணுக்குப் பூசக் கட்டியான மாஜரின் கிடைத்தது. ஆனால் சில மாலைகள் பாதி நிமிர்ந்து, இரட்டைப் பிணைப்பு இருந்தும் நேராக நிற்கும் ஒரு புதுக் கோணத்தில் நின்றுவிட்டன. இதுதான் டிரான்ஸ் கொழுப்பு. இரத்தத்தில் கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கும். 2023-க்குள் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை உலகத்தை விட்டே ஒழிக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் கேட்டுக்கொண்டது. இன்னும் முழுதாக நடக்கவில்லை. டிரான்ஸ் கொழுப்புக்கு எதிராக 1950-களிலிருந்தே எழுதியவர் அமெரிக்க விஞ்ஞானி பிரெட் கும்மரோ. 2017-இல் காலமானபோது அவருக்கு வயது 102. கொழுப்புக்குள் கொழுப்பமிலம் இருக்கிறதென்று முதன்முதலில் பிரித்துக் காட்டிய பிரெஞ்சுக்காரர் மிஷெல் ஷெவ்ரல் 1889-இல் காலமானார். அவருக்கும் வயது 102! கொழுப்பை ஆராய்ந்தால் ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இரண்டு பேரை வைத்து ஆய்வு முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

தேங்காயின் நேர் மாலைகளும் கெட்ட கொலஸ்திரோலை ஓரளவு கூட்டுகின்றன என்பது பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இதை ஆச்சியிடம் சொன்னால் அன்றைக்குக் கூழ் கிடைக்காது. சம்பலிலும் சொதியிலும் வருகிற தேங்காய் வேறு, தினம் மூன்றுவேளையும் எண்ணெயில் பொரித்துத் தின்பது வேறு என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கூழ் இறங்கியது. பனையோலைப் பிளாவைக் கையில் பிடித்து, ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மருமகன் விரல்விட்டு எண்ணினான்: தேங்காய்ச் சொட்டில் 12 மணி, முருங்கை இலையில் 18 மணி, மீனில் 20-உம் 22-உம்.

“நாலு மணி மாலை ஒன்றும் கிடக்கு,” என்றேன்.

“எதிலை?”

“சட்டியிலை இல்லை. இனித்தான் வரப்போகுது.”

ஒடியல் மா என்பது பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா. அதில் நார் நிறைய. எங்கள் வயிறும் சிறுகுடலும் அந்த நாரைத் தொடமுடியாமல் அப்படியே பெருங்குடலுக்கு அனுப்பிவிடும். அங்கே கோடானுகோடி பற்றீரியாக்கள் காத்திருக்கின்றன. நார் வந்ததும் அவை புளிக்கவைக்கத் தொடங்கும். அந்தப் புளிப்பில் உண்டாவது மூன்று குட்டிக் கொழுப்பமிலங்கள். இரண்டு மணி உள்ளது அசற்றிக் அமிலம்; கள்ளு வினாகிரியின் புளிப்பும் அதுதான். மூன்று மணி உள்ளது புரொப்பியோனிக் அமிலம். நாலு மணி உள்ளது பியூட்டிரிக் அமிலம். பழுதான வெண்ணெயை மணந்து பார்த்திருக்கிறீர்களா? வாந்தியில் வருகிற அதே நாற்றம். அதுதான் இந்த ஆள். ஷெவ்ரல் இதை வெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்ததால் வெண்ணெய்க்கான இலத்தீன் சொல்லிலேயே பெயரும் வந்தது.

நாற்றம் பிடித்தவன்தான், ஆனால் வேலைகாரன். உடம்பின் மற்றக் கலங்கள் இரத்தத்திலிருந்து சாப்பாடு வாங்கும்போது, பெருங்குடல் சுவரின் கலங்கள் மட்டும் தமக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை இந்த நாலு மணி அமிலத்திலிருந்து எடுக்கின்றன. அது கிடைத்தால் சுவர் இடைவெளி விடாமல் இறுக்கமாக நிற்கும். பற்றீரியாக்கள் உள்ளே புக முடியாது. அங்குள்ள நோயெதிர்ப்புக் கலங்களும் சும்மா சும்மா சண்டைக்குப் போகாமல் அடங்கியிருக்கும். வெள்ளைப் பாணும் சீனித் தேநீரும் மட்டும் போனால் பற்றீரியாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. எல்லாவற்றையும் சிறுகுடலே உறிஞ்சிவிடும். பட்டினி கிடக்கும் பற்றீரியாக்களில் சில, குடற்சுவரின் சளிப் படலத்தையே தின்னத் தொடங்குகின்றன.

“குதிரை புல்லுத்தானே தின்னுது?” என்றான் மருமகன் திடீரென்று. “கொழுப்பு ஒன்றும் தின்னாமல் எப்பிடி அவ்வளவு ஓடுது?”

நான் பிளாவைக் கீழே வைத்துவிட்டேன். நெடுந்தீவுக் குதிரைகள் ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் காலத்திலிருந்து அங்கே நிற்பவை என்பார்கள். ஒருவரும் கொள்ளு வைப்பதில்லை. மாரியில் பச்சைப் புல், கோடையில் வைக்கோல் மாதிரிக் காய்ந்த புல். புல் என்பது பெரும்பாலும் நார். குதிரையின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. பெரிய சாதிக் குதிரைக்கு ஏறத்தாழ 30 லீற்றர் பிடிக்கும். அதற்குள்ளும் பற்றீரியாக்கள்தான். புல்லைப் புளிக்கவைத்து அதே இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி மாலைகளைக் கோக்கின்றன. குதிரையின் இரத்தத்துக்கு அவை போகின்றன. குதிரை அன்றாடம் வாழச் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி இவற்றிலிருந்துதான்.

“அப்ப அதின்ரை வயித்துக்கையும் கூழ்தானே காயுது,” என்றான்.

“ஓம். மீன் போடாத கூழ்.”

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கதை காணும், ஆறுறதுக்குள்ளை குடியுங்கோ,” என்று அகப்பையோடு வந்தார். மருமகன் மூன்றாவது தரம் பிளாவை நீட்டினான். வெளியே, வெயிலில் வைத்த எண்ணெய்ப் போத்தல் பாதி இளகி, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மட்டும் மிதந்துகொண்டிருந்தது.